ஐயாயிரம் டாலரும் அதன் நிபந்தனைகளும்

குழந்தையைத் தராசில் போட்டு எடை பார்க்கலாம். உயரம் அளக்கலாம். தொண்டையையும் காதையும் சோதிக்கலாம். பாலை எப்படிக் காய்ச்சுவது, தாய்ப்பாலை எத்தனை மாதம் கொடுப்பது என்று தாய்க்குச் சொல்லித் தரலாம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் மருந்து தரக் கூடாது. குடும்ப டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

1920களில் அமெரிக்க நாட்டுப்புறங்களில் சர்ச்சுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நடந்த குழந்தை நல முகாம்களின் நடைமுறை இது. தாய்மார் குதிரை வண்டியிலும் பழைய ஃபோர்டு காரிலும் கைக்குழந்தையோடு வந்து இறங்குவார்கள். பலருக்கு முதன்முதலாகத் தங்கள் குழந்தையை ஒரு மருத்துவர் பார்ப்பது அங்கேதான். குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருந்தால் பல மைல் தள்ளி இருப்பார். அவருக்குக் கொடுக்கக் கையில் காசும் இருக்க வேண்டும். இதெல்லாம் முகாமில் இருந்த நர்சுக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள்.

ஏன் என்று கேட்டால் பதில் வாஷிங்டனில் கிடைக்கும். 1921 நவம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் கையெழுத்திட்ட ஷெப்பர்ட்–டவுனர் சட்டத்தில் அந்தப் பதில் இருக்கிறது. நோய் வருமுன் காப்பதற்காக அமெரிக்க மைய அரசு மாநிலங்களுக்கு மானியம் கொடுத்த பெரிய முயற்சிகளில் இது முன்னோடி. தாய்க்கும் சேய்க்கும் என்று பொதுப்பணத்தை மைய அரசு ஒதுக்கியது இதுவே முதல் முறை. கொடுத்த பணம் கொஞ்சம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நிபந்தனைகள் அதிகம். அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எவருடைய அச்சத்தைத் தணிக்க எது எழுதப்பட்டது என்பது தெரிகிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் தெரிகிறது.

கதை 1912இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்க அரசு குழந்தைகள் பணியகம் என்ற சிறு அலுவலகத்தைத் திறந்தது. 15 ஊழியர்கள், ஆண்டுக்கு 25,640 டாலர். தலைவராக வந்தவர் ஜூலியா லேத்ராப். சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே ஜேன் ஆடம்ஸ் நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றியவர் அவர். நாட்டில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை இறக்கின்றன என்பதற்கே அன்று சரியான கணக்கு கிடையாது. பல மாநிலங்களில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லை.

லேத்ராப் ஒரு காரியம் செய்தார். பென்சில்வேனியாவின் எஃகு ஆலை நகரமான ஜான்ஸ்டவுனுக்குத் தன் ஊழியர்களை அனுப்பினார். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரே ஆண்டில் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் உட்கார்ந்து பேசி, பிழைத்த குழந்தை எது, இறந்த குழந்தை எது, வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, தகப்பன் என்ன சம்பாதிக்கிறான் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 134 ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோயிருந்தன. பிறகு மற்ற நகரங்களிலும் இதே ஆய்வு நடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு பளிச்சென்று ஒன்றைச் சொன்னது. தகப்பனின் ஆண்டு வருமானம் 450 டாலருக்குக் கீழே இருந்த வீடுகளில் 1,000க்கு ஏறத்தாழ 167 குழந்தைகள் இறந்தன. 1,250 டாலருக்கு மேல் இருந்த வீடுகளில் 59.

இந்த எண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

1917இல் பணியகத்தின் மருத்துவர் கிரேஸ் மெய்க்ஸ் இன்னொரு அறிக்கை வெளியிட்டார். 1913இல் மட்டும் பிரசவம் தொடர்பான காரணங்களால் குறைந்தது 15,000 பெண்கள் இறந்திருந்தார்கள். 15 முதல் 44 வயது வரையுள்ள பெண்களைக் கொன்ற காரணங்களில் காசநோய்க்கு அடுத்த இடம் பிரசவத்துக்கு. ஒப்பிட்டுப் பார்த்த 16 நாடுகளில் அமெரிக்காவுக்கு 14ஆவது இடம்.

அதே 1917இல் லேத்ராப் ஒரு திட்டம் முன்வைத்தார். அதன் அச்சு வேளாண்மைத் துறையிலிருந்து வந்தது. 1914இல் வந்த ஸ்மித்–லீவர் சட்டப்படி, மாநிலங்கள் தம் பங்குக்குப் பணம் போட்டால் மைய அரசும் அதற்கு ஈடாகப் போடும். அந்தப் பணத்தில் விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கற்றுக்கொடுக்க ஆட்கள் ஊர் ஊராகப் போவார்கள். அதே ஏற்பாட்டைத் தாய்மாருக்கும் செய்யலாமே என்றார் லேத்ராப். பன்றிகளுக்கு வரும் நோயை ஆராயப் பணம் கொடுக்கும் அரசு, குழந்தைகளுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறது என்று பெண்கள் அமைப்புகள் மேடைதோறும் கேட்டன. பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

முதல் மசோதாவை 1918இல் கொண்டுவந்தவர் மொன்டானாவின் ஜெனெட் ராங்கின். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். அந்த வரைவில் நாட்டுப்புறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேரடி மருத்துவக் கவனிப்பும் இடம்பெற்றிருந்தது. அது நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு டெக்சாசின் செனட்டர் மோரிஸ் ஷெப்பர்டும் அயோவாவின் உறுப்பினர் ஹொரேஸ் டவுனரும் அதைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. கேட்ட தொகை ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் வரை.

1920 ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது. அதுவே மசோதாவின் தலையெழுத்தை மாற்றியது. இந்தப் புது வாக்காளர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று எந்தக் கட்சிக்கும் தெரியாது. பத்து மகளிர் அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தன. தாய் சேய் மசோதாதான் அவர்களுடைய முதல் கோரிக்கை. உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் வந்து குவிந்தன. மிசூரியின் செனட்டர் ஜேம்ஸ் ரீட், பிள்ளை பெறாத கன்னிப்பெண்கள் தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருவதா என்று சபையில் கேலி பேசினார். அந்த நேரத்தில் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே பெண் உறுப்பினரான ஓக்லஹோமாவின் ஆலிஸ் ராபர்ட்சனும் மசோதாவை எதிர்த்தார். இருந்தும் செனட்டில் 63க்கு 7, பிரதிநிதிகள் சபையில் 279க்கு 39 என்று நிறைவேறியது. ரகசிய வாக்கெடுப்பு வைத்திருந்தால் இதே உறுப்பினர்கள் இதைக் குழிதோண்டிப் புதைத்திருப்பார்கள் என்று பின்னாளில் செனட்டர் ஒருவரே ஒப்புக்கொண்டார்.

மனமில்லாமல் கொடுக்கும் கை, கொடுக்கும்போதே இறுக்கிப் பிடிக்கும். 40 லட்சம் 12 லட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். நாட்டின் மக்கள்தொகை அப்போது 10 கோடியே 57 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றே கால் சென்ட்கூட வராது. அதிலிருந்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 5,000 டாலர் எந்தப் பங்குப் பணமும் கேட்காமல் கிடைக்கும். இன்னொரு 5,000 வேண்டுமென்றால் மாநிலமும் 5,000 போட வேண்டும். மிச்சம் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படும். அதற்கும் ஈடு வைக்க வேண்டும்.

பங்குப் பணம் கேட்காத 5,000 என்றாலும் அது சும்மா வந்துவிடவில்லை. மாநிலச் சட்டமன்றம் கூடி, ஏற்றுக்கொள்கிறோம் என்று சட்டம் இயற்ற வேண்டும். பணியை நடத்த மாநிலத்தில் ஓர் அலுவலகத்தைக் குறிப்பிட வேண்டும். சுகாதாரத் துறையில் குழந்தை நலப் பிரிவு இருந்தால் பணம் அதற்குத்தான் போக வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்ற திட்டத்தை எழுதி வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகள் பணியகத்தின் தலைவர், பொதுச் சுகாதாரப் பணியின் தலைமை மருத்துவர், கல்வி ஆணையர் ஆகிய மூவர் குழு அதைப் பார்த்து ஒப்புதல் தரும். பணம் சரியாகச் செலவாகவில்லை என்றால் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியது அநியாயம் என்று மாநிலம் நினைத்தால் குடியரசுத் தலைவரிடமே முறையிடலாம். இவையெல்லாம் கணக்கு வழக்குக்கான நிபந்தனைகள். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் இவற்றால் நல்லதே நடந்தது. குழந்தை நலப் பிரிவே இல்லாத மாநிலங்கள் அதைத் தொடங்கின. பல மாநிலங்களில் அதற்குப் பெண் மருத்துவர்களே தலைமை ஏற்றார்கள்.

இன்னொரு நிபந்தனை வீட்டு வாசலைப் பற்றியது. இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த அதிகாரியும், எந்த நர்சும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக வீட்டுக்குள் நுழையக் கூடாது, குழந்தையைத் தூக்கிச் செல்லவும் கூடாது. அரசு நம் பிள்ளைகளைப் பறித்துக்கொள்ளும் என்று மேடைகளில் பயமுறுத்தியவர்களை அடக்க எழுதிய வரி அது. ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஏழை வீட்டுக் கதவை அதிகாரி தள்ளித் திறப்பது எங்கும் நடக்கக்கூடியதுதான். உதவி என்ற பெயரில் வரும்போது அது இன்னும் சுலபமாக நடக்கும். சட்டத்தை எதிர்த்தவர்கள் வற்புறுத்தியதால் வந்ததுதான் என்றாலும், இந்த ஒரு வரி தாய்மாரின் பக்கம் நின்றது.

கசப்பானவை மற்ற இரண்டு. இந்தப் பணத்தில் கட்டடம் கட்டவோ வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடாது. இந்தப் பணத்திலிருந்து எந்தத் தாய்க்கும் உதவித்தொகையாகவோ அன்பளிப்பாகவோ ஒரு காசும் தரக் கூடாது. மருத்துவக் கவனிப்பு ஏற்கெனவே வரைவிலிருந்து கழன்றுபோயிருந்தது. ஆக, பிரசவ அறை கிடையாது, மருந்து கிடையாது, கஞ்சிக்குக் காசு கிடையாது. சொல்லித் தரலாம், அவ்வளவுதான். ஏழ்மைதான் குழந்தைகளைக் கொல்கிறது என்று எண்ணிக் காட்டிய அதே அலுவலகத்திடம், ஏழ்மையைத் தொடாமல் குழந்தைகளைக் காப்பாற்று என்று நாடாளுமன்றம் சொன்னது. லேத்ராப்பும், அவருக்குப் பின் 1921இல் தலைமைக்கு வந்த கிரேஸ் ஆபட்டும் இதை உணராதவர்கள் அல்ல. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவோம் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல மனம் வரவில்லை.

இவ்வளவு குறுக்கியும் டாக்டர்கள் சமாதானமாகவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1922இல் செயின்ட் லூயி நகரில் கூடியபோது, இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சோஷலிசத் திட்டம் என்று கண்டனத் தீர்மானம் போட்டது. அதே கூட்டத்தில் குழந்தை மருத்துவர்களின் பிரிவு தனியே கூடி, சட்டம் நல்லது என்று தீர்மானம் போட்டது. தலைமை கொதித்துப்போனது. சங்கத்தின் எந்தப் பிரிவும் இனிமேல் சங்கத்தின் கொள்கைக்கு மாறாகத் தீர்மானம் போடக் கூடாது என்று வாய்ப்பூட்டுப் போட்டது. அந்தக் காயம் ஆறவில்லை. குழந்தை மருத்துவர்கள் 1930இல் தங்களுக்கென்று தனி அமைப்புத் தொடங்கினார்கள். இன்று உலகமே தடுப்பூசி அட்டவணைக்கும் குழந்தை வளர்ப்பு அறிவுரைக்கும் எடுத்துப் புரட்டுகிற அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமிதான் அது.

மாநிலங்களில் எதிர்ப்பு வேறு விதமாக வந்தது. நியூயார்க்கின் ஆளுநர் நேதன் மில்லர் இந்தப் பணமே வேண்டாம் என்றார். அவருக்குப் பின் ஆல் ஸ்மித் வந்ததும் 1923இல் அந்த மாநிலம் சேர்ந்தது. கனெக்டிகட் கடைசிவரை சேரவில்லை, தன் சொந்தப் பணத்தில் செய்துகொண்டது. இல்லினாயும் சேரவில்லை. மாசசூசெட்ஸ் சேராததோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் போனது.

அந்த வழக்கின் வாதம் இன்றைக்கும் கேட்டுப் பழகிய குரல்தான். எங்கள் மக்களிடம் வரி வாங்குகிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்க நிபந்தனை போடுகிறீர்கள். ஏற்றால் எங்கள் அதிகாரம் போகிறது, மறுத்தால் எங்கள் பங்கு போகிறது. இது மானியமா, மிரட்டலா? நிதிச் செயலர் ஆண்ட்ரூ மெலன்மீது மாசசூசெட்ஸ் தொடுத்த இந்த வழக்கோடு, பாஸ்டனைச் சேர்ந்த ஹேரியட் ஃபிராதிங்கம் என்ற பெண், வரி கட்டும் குடிமகள் என்ற முறையில் தொடுத்த வழக்கும் சேர்ந்துகொண்டது. 1923 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளுபடி செய்தது. நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் எளியது. சட்டம் மாநிலத்தின்மீது எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. ஒரு வாய்ப்பை நீட்டுகிறது. எடுத்துக்கொள்வதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். அரசுக் கருவூலத்தில் ஒரு தனிமனிதரின் வரிப்பங்கு கடலில் கரைத்த பெருங்காயம் போன்றது. அதைக் காட்டி வழக்குப் போட முடியாது.

அந்தத் தீர்ப்பின்மீதுதான் பிறகு வந்த நிபந்தனை மானியங்கள் பலவும் நின்றன. நெடுஞ்சாலைப் பணம் வேண்டுமென்றால் மது அருந்தும் வயதை 21ஆக உயர்த்து என்று மைய அரசு சொல்லலாம் என்று 1987இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அழுத்தம் எல்லை மீறினால் அது துப்பாக்கியைத் தலையில் வைப்பதற்குச் சமம் என்று 2012இல், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க வழக்கில், முதன்முறையாக ஒரு கோடு கிழித்தது. மாசசூசெட்ஸ் 1923இல் கேட்ட கேள்வி 89 ஆண்டு கழித்துப் பாதி வெற்றி பெற்றது என்று சொல்லலாம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கீழே வேலை தொடங்கிவிட்டது. 45 மாநிலங்களும் ஹவாயும் படிப்படியாகச் சேர்ந்தன. என்ன செய்வது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம் என்று விட்டிருந்ததால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு வண்ணம். ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் கிடந்த இடங்களில் கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் தபாலில் கடிதம் வந்தது. இந்த மாதம் என்ன சாப்பிட வேண்டும், கால் வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கடிதம். சில இடங்களில் நர்ஸ் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நம் ஊரில் கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிவேட்டோடு தெருத் தெருவாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

தென் மாநிலங்களில் வேலை வேறு. அங்கே கறுப்பினப் பெண்களின் பிரசவத்தைப் பெரும்பாலும் கறுப்பின மருத்துவச்சிகளே பார்த்தார்கள். வெள்ளையர் வீடுகளிலும் பலவற்றுக்கு அவர்கள் போனார்கள். தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் கற்றுக்கொண்ட கைத்தொழில் அது. மானியப் பணத்தில் வந்த நர்சுகள் சர்ச்சுகளில் அவர்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார்கள். நகத்தை வெட்டு, கையைத் தேய்த்துக் கழுவு, துணியைக் கொதிக்க வை, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடு. தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமியால் குழந்தைகள் பார்வை இழப்பதை இந்தச் சொட்டு தடுத்தது. அந்தக் கண்களுக்கு இந்தச் சட்டம்தான் ஒளி.

ஆனால் அதே நர்சுகள் மருத்துவச்சியின் பையைத் திறந்து சோதித்தார்கள். வெள்ளை அங்கி இருக்கிறதா, கத்தரிக்கோல் சுத்தமாக இருக்கிறதா, பாட்டி காலத்து மூலிகை எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா? தேறாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. வீட்டு வாசலுக்கு எழுதிய மரியாதை விதி, கறுப்பின மருத்துவச்சியின் பைக்கு எட்டவில்லை. பின்வந்த சில பத்தாண்டுகளில் அவர்கள் தொழிலையே விட்டு ஒதுக்கப்பட்டதற்கு இந்தப் பதிவேடுகளும் ஒரு தொடக்கம். அவர்கள் போன இடத்துக்கு டாக்டர் வரவில்லை என்பதுதான் கொடுமை.

ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பணியகம் கணக்குக் கொடுத்தது. முகாம்கள் 1,83,252. நிரந்தரத் தாய் சேய் நல மையங்கள் 2,978. வீடு தேடிப் போனது 31,31,996 முறை. அச்சிட்டுக் கொடுத்த சிறு நூல்களும் துண்டறிக்கைகளும் 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல். பிறப்புப் பதிவில் தேறிய மாநிலங்கள் 1922இல் 30, 1929இல் 46. குழந்தை பிறந்ததே தெரியாமல் அது இறந்ததை எப்படி எண்ணுவது என்று லேத்ராப் 1912இல் பட்ட கவலை ஏறக்குறைய தீர்ந்தது.

இறப்பு? சிசு மரணம் 1921இல் 1,000க்கு 76 ஆக இருந்து 1928இல் 69 ஆகக் குறைந்தது. நிலைமை மோசமான தென் மாநிலங்கள் இடையிலேதான் கணக்குக்குள் வந்து சேர்ந்தன என்பதால் உண்மையான குறைவு இதைவிட அதிகம். இதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பொருளாதார வரலாற்றாய்வாளர்கள் கரோலின் மோலிங்கும் மெலிசா தாமசனும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். குறைந்த மரணங்களில் 9 முதல் 21 சதவீதம் வரை இந்தச் சட்டத்தால் என்றார்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டார்கள். கூட்டம் சேர்த்து நடத்திய வகுப்பைவிட, நர்ஸ் தனித்தனியே தாயைச் சந்தித்ததும் நிரந்தர மையங்களும் அதிகப் பலன் தந்தன. அந்தப் பலன் வெள்ளையர் அல்லாத குழந்தைகளிடத்தில் கூடுதல்.

தாய்மாரின் இறப்பு மட்டும் அசையவே இல்லை. 1921இல் 10,000 பிறப்புகளுக்கு 68 பெண்கள் இறந்தார்கள், 1928இல் 69. பால் காய்ச்சுவதைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும். பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காத பெண்ணுக்கும், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல் கண்ட பெண்ணுக்கும் துண்டறிக்கை என்ன செய்யும்? அங்கே தேவைப்பட்டது கைதேர்ந்த ஆளும் படுக்கையும் மருந்தும். மூன்றையும் நிபந்தனை விலக்கி வைத்திருந்தது. டாக்டரும் ஆஸ்பத்திரியும் இருந்த இடத்திலும் நிலைமை மேலாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நியூயார்க் நகரில் நிகழ்ந்த பிரசவ மரணங்களை ஆராய்ந்து அங்குள்ள மருத்துவ அகாடமி 1933இல் வெளியிட்ட அறிக்கை, மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்றது. அவசரமான ஆயுதப் பிரசவம், சுத்தமில்லாத கை, போதாத பயிற்சி. மருத்துவச்சிகளைக் குறை கூறிய தொழிலின் முகத்துக்கு நேரே அதன் சொந்த அகாடமி பிடித்த கண்ணாடி அது.

சட்டத்துக்கு ஐந்தாண்டுத் தவணை. அதை நீட்டிக்கும் பேச்சு 1926இல் வந்தபோது காற்று மாறியிருந்தது. பெண்கள் ஒரே அணியாக வாக்களிக்கவில்லை என்பது இரண்டு தேர்தல்களில் தெரிந்துபோனது. பயம் தெளிந்த உறுப்பினர்கள் பழைய முகத்தைக் காட்டினார்கள். பெண் தேசபக்தர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட குழு ஒன்று, இது மாஸ்கோவின் சதி என்று நீண்ட மனு எழுதியது. டெலவேரின் செனட்டர் தாமஸ் பேயார்டு அதை அவைக் குறிப்பில் முழுவதுமாக ஏற்றினார். செனட்டில் சிலர் பேசிப் பேசியே நேரத்தைக் கொன்றார்கள். கடைசியில் ஒரு சமரசம்: இன்னும் இரண்டு ஆண்டு பணம் தருவோம், 1929 ஜூன் 30 அன்று சட்டம் தானே செத்துப்போகும். நிபந்தனைகளிலேயே கொடிய நிபந்தனை இதுதான். ஆதரவாளர்கள் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் மனம் மாறும் என்று நம்பினார்கள். மாறவில்லை. 1929 ஜூன் 30 வந்தது, பணம் நின்றது. சில மாநிலங்கள் தம் செலவில் தாங்கிப் பிடித்தன. மற்றவை நர்சுகளைக் குறைத்தன. நான்கு மாதத்தில் பங்குச் சந்தை சரிந்தது. தாய்மாருக்கு நர்ஸ் மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகள் அதற்குப் பின்தான் வந்தன.

இதற்கிடையில் டாக்டர்களின் அறைகளில் எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. நோயில்லாத குழந்தையைக்கூட டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று முகாம்கள் தாய்மாரைப் பழக்கியிருந்தன. பணம் இருந்தவர்கள் அதையே தங்கள் டாக்டரிடம் கேட்டார்கள். டாக்டர்களும் எடை பார்க்கவும் வளர்ச்சியைக் குறிக்கவும் தொடங்கினார்கள். நோய்த் தடுப்பு ஒரு தொழிலாகத் தனியார் அறைக்குள் போய் உட்கார்ந்தது. பணம் இல்லாதவர்களுக்கு முகாமும் போயிற்று, டாக்டரும் இல்லை.

1935 ஆகஸ்ட் 14 அன்று குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பில் தாய் சேய் மானியம் திரும்பி வந்தது. அதை வரைந்தவர்கள் கிரேஸ் ஆபட், மார்த்தா எலியட், கேத்தரின் லென்ரூட். மூவருமே குழந்தைகள் பணியகத்தில் பழைய சட்டத்தோடு மல்லுக்கட்டியவர்கள். பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆண்டுக்கு 38 லட்சம் டாலர், பழையதைப் போல மூன்று மடங்கு. தவணைத் தேதி கிடையாது. ஈடு வைக்க வக்கில்லாத ஏழை மாநிலங்களுக்காக ஒரு பகுதி பங்குப் பணம் கேட்காமலே ஒதுக்கப்பட்டது. கை கால் ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தனி நிதி வந்தது. அதில் அறுவைச் சிகிச்சையும் ஆஸ்பத்திரியும் உண்டு. சொல்லித் தரலாம், தொடக் கூடாது என்ற வேலி அங்கே முதன்முதலாக உடைந்தது. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்தன, மாசசூசெட்ஸ் உட்பட.

அந்த ஐந்தாம் தலைப்பு இன்றும் நடப்பில் இருக்கிறது. மைய அரசின் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலம் 3 டாலர் வைக்க வேண்டும். குறைந்தது 30 சதவீதம் குழந்தைகளுக்கான தடுப்பு, ஆரம்பநிலைக் கவனிப்புக்கு. நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2010இல் அதே தலைப்பின் கீழ், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தை உள்ளவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் திட்டம் ஒன்று சேர்ந்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பணத்தில் பெரும்பகுதி, பலன் தரும் என்று ஆய்வில் நிறுவப்பட்ட முறைகளுக்கே போக வேண்டும். இன்னொன்று, எந்தக் குடும்பத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கதவைத் திறப்பதும் திறக்காததும் அந்த வீட்டார் விருப்பம் என்று 1921இல் எழுதிய வரி, வேறு சொற்களில் அங்கே இருக்கிறது.